பன்னிரண்டு பேர் ஏறலாம்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று மூன்று வாசகர்கள் கார்டு போட்டிருந்தார்கள். கார்டு கிடைப்பதே கஷ்டமான இந்த யுத்த காலத்தில் அதை எனக்காகச் செலவழித்ததற்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு விசாரணைக்குப் போயிருந்தேன். அதில் நான் மனுதாரர். மனுவும் சரியான மனு... அதுதான் தொந்தரவே.

எங்கள் ஊர் பரமத்திக்குத் தெற்கே, காவேரிக் கரையில் இருக்கிறது. ரயில் அக்கரையில். இக்கரையில் எங்களுக்கு வாய்த்தது பஸ். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததிலிருந்து அது கரிவாயுவில் ஓடுகிறது — ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் நாங்கள் இறங்கிக்கொள்வோம். ஆகையால் வெளியூர் போகிறவர்கள் விடிந்ததும் துறைக்கு வந்து, படகில் ஆற்றைக் கடந்து, ரயிலைப் பிடிப்பதுதான் வழக்கம்.

துறையில் ஒரே படகு. படகோட்டி நாச்சிமுத்து. கிட்டத்தட்ட என் வயசு. நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தபடியால் என்னை ஒரு தேதி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரை அனுப்ப யாருமில்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால், கரூரில் என் மைத்துனருக்கு அறுபதாம் கல்யாணம். ஒரு வாரம் முன்பே என் மனைவி போய்விட்டாள். நான் அன்று காலையில் வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, கையில் ராசிபுரம் நெய் ஒரு டின்னோடு துறைக்கு வந்தேன். படகு கிளம்ப இருந்தது. உள்ளே வெல்ல மூட்டைகளோடு இரண்டு பேர், துணிக் கட்டுகளோடு நெசவுக்காரர்கள் மூன்று பேர், வெண்ணெய்ப் பானையோடு பாவாயி அம்மாள், இன்னும் சிலர். எண்ணினேன். ஒன்பது. முப்பது வருஷம் எதையாவது எண்ணியே பழகிய கண்கள்... சும்மா இருக்குமா?

படகில் ஒரு காலை வைத்தேன். நாச்சிமுத்து குனிந்தார். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தார் — கட்டைவிரல் விளிம்பில், சுண்டுவிரல் தண்ணீரில்.

"சாமி, அடுத்த நடைக்கு வாங்க."

"ஏன்? ஒன்பது பேர்தானே இருக்காங்க?"

அவர் முகம் சுருங்கியது. "தலையை எண்ணாதீங்க சாமி. தண்ணி மேல எண்ணக் கூடாதுங்க."

"உங்க சர்டிபிகேட்டில் பன்னிரண்டு பேர் ஏறலாம்னு இருக்கே."

"இருக்கட்டுமுங்க. எனக்கு ஒரு சாண் பலகை தண்ணிக்கு மேல நிக்கோணும். இன்னைக்குச் சரியா ஒரு சாண்தான் நிக்குது."

வெண்ணெய்ப் பானையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பாவாயி அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த நெய் டின்னை வேணா இப்படிக் குடுங்க. நாங்க கொண்டுபோயிச் சேத்துடறோம். கலியாண ஊட்டுல அதைத்தான தேடுவாங்க."

படகு முழுக்கச் சிரித்தது. படகு போயிற்று. அடுத்த நடைக்குள் ரயிலும் போயிற்று. அதற்கடுத்த ரயிலில் போய் நான் கரூரில் இறங்கியபோது, பந்தியில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ரிடையர் ஆனப்புறமும் லேட்டா?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி. நாலு பேர் முன்னிலையில் கேட்டாள்.

மறுநாள் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மனு எழுதினேன்.

இங்கே அந்தச் சர்டிபிகேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர்ப் பொதுவான படகுத் துறைகளில் படகோட்டுகிறவர் பரீட்சைக்கு உட்பட வேண்டும். நீந்தத் தெரிய வேண்டும். கழி போடத் தெரிய வேண்டும். ஒழுகுகிற பலகையை நடு ஆற்றில் அடைக்கத் தெரிய வேண்டும். தேறினால் 'தகுதி சர்டிபிகேட்' என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாள் அவருக்கு என்னென்ன செய்ய அனுமதி தருகிறது? இன்ன துறையிலிருந்து இன்ன துறைக்குப் படகு விடலாம் — குறுக்கே மட்டும், ஆற்றோடு கீழே போகக் கூடாது. சூரியன் உதித்தபின் விடலாம், அஸ்தமித்தபின் கூடாது. கரையில் நட்ட கல்லில் இரண்டாவது கோடு முழுகும்வரை விடலாம். மேட்டூரில் மதகைத் திறந்து அந்தக் கோடும் முழுகிவிட்டால், கலெக்டரே வந்து நின்றாலும் கூடாது. ஆபத்து வந்தால் பிரயாணிகளின் சாமான்களைக் கேட்காமலே ஆற்றில் எறியலாம். ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேர்வரை ஏற்றலாம்.

இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதன் வாசகத்தைத் தயாரித்தவன் நான். தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தபோது எழுதினேன். ஒருவரை ஏற்ற மறுக்கலாமா என்பதைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எழுதியபோது தோன்றவில்லை.

ஆகவே என் மனுவில் கேள்வி சுலபமாக இருந்தது. பன்னிரண்டு என்று சர்க்கார் சொல்லியிருக்க, ஒன்பதோடு நிறுத்த இவர் யார்? விதி, உட்பிரிவு, தேதி, மணி, இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று எல்லாம் போட்டு அனுப்பினேன்.

மனுக்கள் சாதாரணமாகத் தூங்கும். அதற்குத்தான் அவற்றில் ஏதாவது ஒரு குறை வைத்து எழுதுகிறார்கள் ஜனங்கள். தேதி இருக்காது, கையெழுத்து இருக்காது, விஷயமே இருக்காது. என் மனுவில் திருப்பி அனுப்ப ஒரு காரணமும் இல்லை. ஆபீசுக்கு வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது — நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்.

அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு மத்தியானம் நாச்சிமுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் மூங்கில் குழாய். அதற்குள்தான் சர்டிபிகேட்டைச் சுருட்டி வைத்திருப்பார். இன்னொரு கையில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ்.

"இதைப் படிச்சுச் சொல்லோணுமுங்க. துறையில எல்லாரும் உங்ககிட்டத்தான் போகச் சொன்னாங்க."

வாங்கிப் படித்தேன். என் மனுவின் வாசகங்களே வரி மாறாமல் இருந்தன. தமிழில் சொன்னேன். 'மரியாதைக்குரிய பிரயாணி ஒருவரை, இடம் இருந்தும் ஏற்ற மறுத்தபடியால், உமது சர்டிபிகேட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது...'

"ரத்துன்னா, புடுங்கிக்குவாங்களா?"

"விசாரணை வைப்பாங்க. உங்க பதில் திருப்தியா இல்லேன்னா, ஆமாம்."

"அப்பறம் படகு?"

"வேறொருத்தருக்குக் கொடுப்பாங்க."

அவர் மூங்கில் குழாயை ஒருமுறை திருகித் திறந்தார், மறுபடி மூடினார். "எனக்குக் கரையில ஒரு வேலையும் தெரியாதுங்களே" என்றார். புகாராகச் சொல்லவில்லை. கடையில் சாமான் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்த மரியாதைக்குரிய பிரயாணி யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். முப்பது வருஷம் எத்தனையோ நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். அதை வாங்குகிறவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் கரிவாயு பஸ்ஸைப் பிடித்து — சில இடங்களில் தள்ளி — ஆபீசுக்குப் போனேன். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அந்த செக்ஷனில் இருக்கும் குமாஸ்தா என்னிடம் வேலை பழகியவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"நம்பர் போட்டாச்சு ஸார்."

"அதனால் என்ன?"

"நம்பர் போட்ட மனுவை வாபஸ் வாங்க முடியாதுன்னு சர்க்குலர் இருக்கு ஸார்." எடுத்தே காட்டினார். கீழே என் இனிஷியல்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன். "ஏனப்பா... பைல் காணாமப் போக வழியே இல்லையா?"

குமாஸ்தா வருத்தத்தோடு அலமாரியைப் பார்த்தார். "நீங்க அடுக்கி வைச்சுட்டுப் போன முறை ஸார். இதில எதுவும் காணாமப் போகாது."

ஒழுங்காக வேலை செய்த ஒரு மனிதனுக்கு வயசான காலத்தில் கிடைக்கும் பலன் இது. கெட்டிக்காரக் குமாஸ்தாக்கள் கவனிக்க.

போன வாரம் விசாரணை. துறையிலேயே நடத்தினார்கள். பிரயாணிகள் நிறைய இருப்பார்கள் என்று சந்தை நாளாகப் பார்த்து வைத்திருந்தார் டெபுடி தாசில்தார். இளவயசு. வேறு ஜில்லாக்காரர். தலையில் தொப்பி, புங்க மரத்தடியில் மேஜை நாற்காலி, எதிரே ஆறு. நதியைப் பார்த்து உட்காராமல் நதிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். காற்றில் தாள் பறக்குமாம்.

"மனுதாரர்" என்று சேவகன் கூப்பிட்டான். நான் முன்னே போய் நின்றேன். நாச்சிமுத்துவின் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றேன், முடியவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியம் எதையும் காணோம்.

"முன்னாலேயே தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"அன்னைக்கு எண்ணுனது நீங்கதான சாமி. வேற ஆரு எழுதுவா?"

"தெரிஞ்சுமா என்கிட்ட நோட்டீஸைப் படிக்கக் கொண்டுவந்தீங்க?"

"எழுதுனவங்களே படிச்சாத் தப்பில்லாம இருக்குமுங்க."

நான் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டெபுடி தாசில்தார் நாச்சிமுத்துவைப் பார்த்தார். "அன்றைக்குப் படகில் எத்தனை பேர்?"

"தெரியாதுங்க."

"எண்ணவில்லையா?"

"எண்ணறதில்லீங்க. ஏறி உக்காந்த சனத்தைத் தண்ணி மேல எண்ணினா ஆறு கேட்டுக்கும்பாங்க. அப்பறம் ஒண்ணு கொறையும்பாங்க."

"எண்ணாமல் எப்படித் தெரியும், பன்னிரண்டு ஆச்சா இல்லையா என்று?"

"பன்னெண்டைப் பாக்கறதில்லீங்க. சாணைப் பாப்பேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். சாண் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வாக்குமூலம் உதவாது, நேரில் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தார். சர்டிபிகேட்டில் கண்டபடி பன்னிரண்டு பேரை ஏற்ற வேண்டியது. படகு தாங்கினால் நாச்சிமுத்து செய்தது தப்பு. நானும் அந்தப் பன்னிரண்டில் ஒருவனாக உட்கார வேண்டியது. மனுதாரருக்கு மறுக்கப்பட்ட இடம் அல்லவா?

சந்தைக்குப் போக வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஏறினார்கள். அதிகாரி கரையில் நின்று விரலை நீட்டினார். "ஒன்று... இரண்டு... மூன்று..."

நாலாவது ஆள் இறங்கிவிட்டார். ஐந்தாவது ஆளான பெண்பிள்ளை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். "ஆறு" என்பதற்குள் படகில் நானும், ஒரு காது கேளாத வெல்ல வியாபாரியும் மட்டும் இருந்தோம்.

"ஏன் இறங்குகிறார்கள்?"

பாவாயி அம்மாள் அன்றும் வந்திருந்தாள். வெண்ணெய்ப் பானையைக் கீழே வைத்துவிட்டு, அதிகாரிக்குச் சொல்லிக் கொடுத்தாள். "தொப்பிக்கார சாமி, பொணத்தை எண்ணற மாதிரி எண்ணினா ஆரு உக்காருவா? களத்துல நெல்லு அளக்கறாங்களே, பாத்ததில்லீங்களா? ஒண்ணுன்னா சொல்றாங்க? லாபம்னு ஆரம்பிக்கோணும். அப்படி எண்ணுங்க, ஏறிக்கறோம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். இதற்கு விதி உண்டா என்ற பார்வை. விதி இல்லை, விலக்கும் இல்லை என்று தலையை அசைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லாபம்... இரண்டு... மூன்று..."

சிரித்துக்கொண்டே எல்லாரும் ஏறினார்கள். பன்னிரண்டு ஆயிற்று. நடுப் பலகையில் எனக்கு இடம். ஒரு பக்கம் துணிக்கட்டு, மறுபக்கம் பாவாயி அம்மாள், முதுகில் வெல்ல மூட்டை.

நாச்சிமுத்து குனிந்து கையை வைத்தார். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, மற்ற நாலையும் சேர்த்துக் காட்டினார். "நாலு விரக்கடைதானுங்க நிக்குது."

"சர்டிபிகேட் அனுமதிக்கிறது. ஓட்டு."

"சர்ட்டிபிகேட்டு உடுதுங்க. ஆறு உடோணுமே. சர்க்கார் போகச் சொன்னாப் போறேன். எனக்கு நீச்சல் தெரியும். உக்காந்திருக்கறவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

நான் தண்ணீரைப் பார்த்தேன். மேட்டூரில் தண்ணீர் விட்டிருந்த வாரம் அது. ஆறு செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல், ரொம்ப வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்பது ஞாபகத்துக்கு வந்தது. சர்டிபிகேட் பாரத்தில் 'எத்தனை பேர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் திரும்பி வரும். படகில் குறுக்குப் பலகை நாலு என்று ஓவர்சீயர் குறிப்பு இருந்தது. ஒரு பலகையின் நீளத்தை, ஒரு மனிதனின் அகலத்தால் வகுத்தேன் — என் நாற்காலியின் அகலத்தை வைத்து. பலகைக்கு மூன்று பேர். நாலு மூன்று பன்னிரண்டு. ஐந்து நிமிஷ வேலை. படகை நான் பார்க்கக்கூட இல்லை. மனிதர்களுக்கு அகலம் மட்டும்தான் உண்டு என்று ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தோன்றும். ஆற்றுக்கு அகலம் தெரியாது. கனம்தான் தெரியும்.

இதற்குள் காது கேளாத வெல்ல வியாபாரி வெற்றிலைச் சுருக்குப் பையை எடுக்க இடுப்பைக் கொஞ்சம் திருப்பினார். அவ்வளவுதான். விளிம்புக்கு மேலே ஒரு கை காவேரி வந்து என் மடியில் உட்கார்ந்தது.

"நான் இறங்கிக்கிறேன்" என்றேன்.

"என்ன சொல்கிறீர்கள்?" என்றார் கரையிலிருந்து அதிகாரி.

"இறங்கிக்கிறேன், இறங்கிக்கிறேன்." இரண்டு தரம் சொன்னதாகப் பாவாயி அம்மாள் சொல்கிறாள். எனக்கு ஒரு தரம் சொன்னதாகத்தான் நினைவு.

நாச்சிமுத்து கையை நீட்டி என்னைக் கரைக்கு இறக்கினார். என் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். அவர் குனிந்து சாண் பார்த்தார். சரியாக இருந்தது போலிருக்கிறது. சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் கூச்சல் போடவே, அதிகாரி கையை அசைத்தார். படகு கிளம்பியது.

நனைந்த வேட்டியோடு மேஜை எதிரில் நின்றேன். டெபுடி தாசில்தார் குஷியாகிவிட்டார். பைலை முடிக்க வழி தெரிந்துவிட்ட அதிகாரியின் முகத்தில் வரும் ஒளியை நான் அறிவேன்.

"இடம் மறுத்ததாக உங்கள் மனு. இன்று இடம் கொடுக்கப்பட்டது. நீங்களே இறங்கிவிட்டீர்கள். ஆகையால் மனு நிற்காது. சர்டிபிகேட் அவரிடமே இருக்கலாம். சரிதானே?"

"சரிதான்." நானே இந்தக் குறிப்பை எழுதியிருந்தால் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது. "ஆனால் அந்தப் பன்னிரண்டைத் திருத்திவிடலாமே? தண்ணீருக்கு மேல் ஒரு சாண் பலகை நிற்க வேண்டும் என்று..."

"யாருடைய சாண்?" என்றார்.

தம் கையை விரித்துப் பார்த்தார். மோதிரம் போட்ட, சின்னக் கை. அக்கரையை நெருங்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் கையை நானும் நினைத்துப் பார்த்தேன். எந்தப் பாரத்திலும் அது அடங்காது. பன்னிரண்டு அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம்.

சர்டிபிகேட் ஒருவருக்கு எதுவரை போகலாம் என்று சொல்லும். போகத்தான் வேண்டுமா என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது — அவருக்கும் நாம் நோட்டீஸ் அனுப்பிவிடுகிறோம்.

உத்தரவின் நகல் இன்று காலை தபாலில் வந்தது. 'மனுதாரர் விதிமுறைகளில் நல்ல தேர்ச்சி உள்ளவர். ஆனால் தண்ணீரைக் கண்டால் பயப்படும் சுபாவம். மனு தள்ளுபடி.'

முப்பது வருஷ சர்வீஸில் என்னைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிய ரிமார்க்குகளை எல்லாம் பார்த்திருக்கிறேன்... ஆளை நேரில் பார்த்து எழுதியது இது ஒன்றுதான்.